பிரிண்ட் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

திரையில் பளிச்சென்று இருந்த படம் காகிதத்தில் கறுத்துப்போய் வெளியே வந்தால், பலருக்கும் கை முதலில் போவது எக்ஸ்போஷர் ஸ்லைடருக்குத்தான். கொஞ்சம் ஏற்றி மறுபடி ஒரு பிரிண்ட். அதுவும் சரியில்லையென்றால் சாச்சுரேஷன், பிறகு பேப்பர் வகை, பிறகு புரொஃபைல் (அந்தப் பிரிண்டரும் பேப்பரும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு). நான்காவது தாள் வரும்போது எதை மாற்றியதால் எது மாறியது என்றே தெரியாது. அதனால் முதல் விதி: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் தாளின் பின்புறம் மென்மையான பென்சிலில் குறித்துவையுங்கள்.

இரண்டாவது, ஒரு சோதனைப் படம் கட்டாயம் வேண்டும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை, வெவ்வேறு தோல் நிறங்கள், அடர்த்தியான சிவப்பு, பச்சை, நீலம், வானம் போல மெதுவாக மாறும் ஒரு பரப்பு, மெல்லிய கோடுகள் ஆகிய இவ்வளவும் ஒரே தாளில் இருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு பேப்பரிலும் இதை ஒருமுறை அடித்து, பேப்பர், புரொஃபைல், டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) அமைப்பு, தேதி எழுதி, இருட்டில் பத்திரப்படுத்துங்கள். கோளாறு வரும் நாளில் அதே கோப்பை அதே அமைப்பில் அடியுங்கள். பழையதும் புதியதும் ஒன்றுபோல இருந்தால் குறை உங்கள் படத்தில் இருக்கிறது, அல்லது நீங்கள் பார்க்கும் வெளிச்சத்தில். வேறுபட்டால் பிரிண்டர், இங்க், பேப்பர், அமைப்பு இவற்றில் ஏதோ ஒன்று. இந்த ஒரு தாள் பாதித் தேடலை மிச்சப்படுத்திவிடும்.

பிரிண்ட் மொத்தமாக இருண்டு வருகிறது

படத்தைத் தொடுவதற்கு முன் பிரிண்டை ஜன்னலருகே, நேர் வெயில் படாத இடத்துக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் பிரிண்டில் குறையில்லை. பிரிண்டை நுணுக்கமாக ஒப்பிட ஐஎஸ்ஓ 3664 தரநிலை சொல்லும் வெளிச்சம் 2,000 லக்ஸ். சாதாரணமாகப் பார்த்து மதிப்பிட 500 லக்ஸ். மாலை நேர அறை விளக்கில் இதில் கால் பங்குகூடப் பெரும்பாலும் கிடைக்காது. திரை தானே ஒளிர்கிறது. காகிதமோ தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும்.

ஜன்னலருகேயும் இருண்டிருந்தால் சந்தேகம் மானிட்டர் மேல் திரும்ப வேண்டும். புது மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது மிக அதிக பிரகாசத்தில் இருக்கும். பிரிண்டுக்காக வேலை செய்யும் திரையின் வெள்ளை, சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இருப்பது நல்லது. 250-ல் வைத்து எடிட் செய்தால், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று படத்தை உங்களை அறியாமலே இறக்கிவிடுவீர்கள். அளக்கும் கருவி இருந்தால் வெள்ளைப் புள்ளி (வெள்ளையின் நிறச் சாயல்) டி65, காமா (நடுத்தர ஒளிகளின் அளவு) 2.2, பிரகாசம் 100 கேண்டெலா என்று வைத்துத் தொடங்குங்கள். கருவி இல்லாவிட்டால் ஒரு தற்காலிக வழி உண்டு: அடிக்கப்போகும் பேப்பரில் வெற்றுத் தாள் ஒன்றை, நீங்கள் பிரிண்ட் பார்க்கும் அதே விளக்கின் கீழ் திரையருகே நிறுத்துங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும்வரை திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் திரை மங்கலாகத் தோன்றும். கண் பழகிவிடும். லேப்டாப்பிலும் மொபைலிலும் வெளிச்சத்துக்கேற்பத் தானே ஏறி இறங்கும் பிரகாசத்தை அணைத்துவைக்க மறக்காதீர்கள்.

அதன்பிறகும் படம் இருட்டாகவே வருகிறதென்றால்தான் ஸ்லைடர். ஒரே தாளில் படத்தின் முக்கியமான பகுதியை ஐந்து பட்டைகளாக அடுக்குங்கள்: மாற்றமில்லாதது, பிறகு 0.2, 0.4, 0.6, 0.8 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டியவை. அந்த ஒரு தாளைப் பார்த்து முடிவெடுத்தால் நான்கு முழுத் தாள் மிச்சம். வாங்குபவர் படத்தை எங்கே மாட்டப்போகிறார் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. விளக்கு குறைந்த நடைபாதைக்குப் போகும் பிரிண்டை மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றி அடிப்பது ஏமாற்று வேலை அல்ல, அக்கறை.

வெளிச்சப் பகுதி சரி, நிழல் மட்டும் கட்டியாகிவிட்டது

இது வேறு நோய். ஒவ்வொரு காகிதத்துக்கும் எட்டக்கூடிய கறுப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. நல்ல குளோஸி (பளபளப்பான), பரைட்டா (பேரியம் பூச்சுள்ள) பேப்பர்களில் கறுப்பின் அடர்த்தி 2.3-ஐத் தாண்டலாம், பளபளப்பில்லாத மேட் பேப்பரில் 1.6, 1.7 வரைதான். திரையில் பிரிந்து தெரியும் நிழல் விவரங்கள் மேட் பேப்பரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இதனால்தான். அந்தப் பேப்பரின் ஐசிசி புரொஃபைலை வைத்து சாஃப்ட் புரூஃப் (பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம்) பாருங்கள், பேப்பர் வெள்ளையைக் காட்டும் தெரிவும் இயங்கட்டும். திரை உடனே வெளுத்துத் தெரியும். அந்த மாற்றம் நடக்கும் நொடியில் கண்ணை விலக்கிக்கொண்டு பிறகு பார்த்தால் ஏமாற்றம் குறையும். பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷன் (படத்தின் கறுப்பைப் பேப்பரின் கறுப்புக்குப் பொருத்தும் தெரிவு) இயங்குகிறதா என்று உறுதி செய்துகொண்டு, கர்வில் (ஒளி அளவுகளைத் திருத்தும் வளைகோடு) இருண்ட பக்கமான கீழ்க் கால் பகுதியை மட்டும் லேசாகத் தூக்குங்கள். முழுப் படத்தையும் தூக்கினால் முகங்கள் வெளுத்துப்போகும்.

மேட் பேப்பரில் கறுப்பு சிலேட்டுப் பலகை போல சாம்பலாக இருந்தால் அது பேப்பரின் எல்லையும் அல்ல. டிரைவரில் மீடியா வகையைக் குளோஸி என்று கொடுத்திருப்பீர்கள். பிரிண்டர் மேட் பிளாக்குக்குப் பதில் போட்டோ பிளாக் இங்க்கை எடுத்திருக்கும். தலைகீழாக, குளோஸி பேப்பரில் கறுப்பு காயாமல் விரலில் கரிபோல ஒட்டினால் மேட் பிளாக் போயிருக்கிறது. மீடியா வகைதான் எந்தக் கறுப்பு, எவ்வளவு இங்க், ஹெட் (இங்க்கைத் தெளிக்கும் பகுதி) எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. வேறு நிறுவனப் பேப்பர் என்றால், புரொஃபைலோடு வரும் குறிப்பில் எந்த மீடியா வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்களோ அதையே வையுங்கள்.

படம் முழுக்க ஒரு நிறம் தூக்கலாக இருக்கிறது

மஜந்தா பூசியது போல வந்தால் பெரும்பாலும் நிற மேலாண்மை இரண்டு முறை நடந்திருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் உங்கள் பேப்பர் புரொஃபைலுக்கு நிறங்களை மாற்றி அனுப்ப, டிரைவர் அதை மாற்றாத படம் என்று நினைத்து மறுபடி மாற்றுகிறது. தமிழுக்கு மொழிபெயர்த்த கடிதத்தை ஆங்கிலக் கடிதம் என்று எண்ணி இன்னொருவர் மறுபடி மொழிபெயர்த்தால் என்ன ஆகுமோ அதுதான். மென்பொருளில் நிறத்தை மென்பொருளே கவனிக்கும் என்று வைத்து, சரியான புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால், டிரைவரில் நிறச் சீரமைப்பு முழுவதும் அணைந்திருக்க வேண்டும். டிரைவர் அப்டேட் ஆனபிறகு இந்த அமைப்பு பழையபடி திரும்பிவிடுவது வழக்கம். நேற்றுவரை சரியாக இருந்தது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பிரிண்ட் அடித்துத் தரும் லேபுக்கு அனுப்பிய படம் உயிரில்லாமல், தோல் நிறம் சோகையாகத் திரும்பி வந்தால், அடோப் ஆர்ஜிபி (பரந்த நிறவெளி, அதாவது நிறங்களின் எல்லை) கோப்பு புரொஃபைல் இல்லாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். எதிர்முனை அதைச் சிறிய நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும், நிறங்கள் சுருங்கிவிடும். லேப் எந்த நிறவெளியை ஏற்கிறது என்று கேட்டு, அதற்குக் கன்வர்ட் செய்து, புரொஃபைலை உள்ளே பொதிந்து அனுப்புங்கள். கன்வர்ட் வேறு, அசைன் வேறு. கன்வர்ட் தோற்றத்தைக் காத்து எண்களை மாற்றும். அசைன் எண்களை அப்படியே விட்டு அவற்றின் பொருளை மாற்றிவிடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் கெட்ட பிரிண்டுகள் ஏராளம்.

கறுப்பு வெள்ளைப் படம் ஜன்னலருகே நடுநிலையாகவும் அறை விளக்கில் பச்சையாகவும் தெரிந்தால் பிரிண்டரைத் திட்ட வேண்டாம். வெளிச்சத்துக்கு வெளிச்சம் இங்க் கலவை வேறு மாதிரி தெரிகிறது, தரம் குறைந்த எல்இடி பல்புகளில் இது இன்னும் மோசம். நிற இங்க்குகளைக் கலந்து சாம்பலை உருவாக்கும்போதுதான் இந்தச் சாய்வு அதிகம். பிரிண்டரில் தனியாகக் கறுப்பு வெள்ளை முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் சாம்பல், கறுப்பு இங்க்குகளாலேயே படத்தைக் கட்டும்.

கோடு கோடாக வருகிறது, அல்லது ஒரு நிறமே காணவில்லை

நாஸில் செக் (இங்க் தெளிக்கும் நுண்துளைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) அடிக்காமல் ஹெட் கிளீனிங் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல இங்க்கைக் கழிவுத் தொட்டிக்கு அனுப்புகிறது. ஒரு சாதாரணத் தாளில் நாஸில் பேட்டர்னை அடித்து, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு நிறக் கட்டத்திலும் படிக்கட்டு போல இறங்கும் சிறு கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மஞ்சளைத்தான் எல்லோரும் தவறவிடுவார்கள். மொபைல் திரையில் முழு நீல நிறப் படத்தைத் திறந்து, இருட்டில் அந்த வெளிச்சத்தைத் தாளில் காட்டுங்கள். மஞ்சள் கோடுகள் கறுத்துத் தெரியும், இடைவெளி உடனே பிடிபடும்.

இடைவெளி இருந்தால் ஒரு சாதாரணக் கிளீனிங், மறுபடி நாஸில் செக். முதல் தாளையும் இரண்டாம் தாளையும் அருகருகே வையுங்கள். விட்டுப்போன கோடுகள் அதே இடத்திலேயே இருந்தால் அங்கே இங்க் காய்ந்து அடைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் அது அடைப்பல்ல. இங்க் வழியில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது கார்ட்ரிட்ஜ் தீரும் நிலை. காற்றுக்குத் தொடர்ந்து கிளீனிங் கொடுப்பது நிலைமையை மோசமாக்கலாம். மூன்று முறைக்குமேல் போகாதீர்கள். பிரிண்டரை அதன் பட்டனால் அணைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஹெட் மூடியில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் காய்ந்த இங்க் இளகும், குமிழும் மேலேறும். காலையில் முதலில் செய்ய வேண்டியது நாஸில் செக்தான், கிளீனிங் அல்ல.

பட்டனால் அணைப்பது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சுவரில் உள்ள சுவிட்சை நேரடியாக அணைத்தால் ஹெட் தன் இடத்துக்குத் திரும்பி மூடிக்கொள்ளாமல் திறந்தபடியே நின்றுவிடலாம். இரண்டு நாளில் காய்ந்துவிடும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வாரம் ஒருமுறை எல்லா நிறமும் வருகிற சின்னப் படம் ஒன்றை அடித்தால், மாதம் ஒருமுறை ஆழ்ந்த கிளீனிங் கொடுப்பதைவிட இங்க் செலவு குறைவு.

நாஸில் செக் முழுமையாக இருந்தும் கோடு விழுந்தால், அதன் திசையைப் பாருங்கள். ஹெட் ஓடும் திசையில் சீரான இடைவெளியில் கோடுகள் என்றால் ஹெட் அலைன்மெண்ட் அல்லது பேப்பர் நகரும் அளவு தவறியிருக்கிறது. அலைன்மெண்டை அதே பேப்பரில் செய்து, இருதிசை வேக முறையை (ஹெட் போகும்போதும் திரும்பும்போதும் அடிப்பது) அணைத்து, தரத்தை ஒரு படி கூட்டுங்கள். சந்தேகம் இருந்தால் பேப்பர் ஓடும் திசையில் சரியாக 200 மி.மீ. கோடு ஒன்று அடித்து ஸ்கேலில் அளந்து பாருங்கள். கூடக்குறைய இருந்தால் நகர்வைத் திருத்த வேண்டும். பேப்பர் ஓடும் திசையில் புள்ளிப் புள்ளியாகத் தடம் தெரிந்தால் அது வெளியே இழுக்கும் பற்சக்கரங்களின் அடையாளம். குளோஸியில் சாய்த்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பின்வழி நேர் ஃபீட் இருந்தால் கனமான பேப்பருக்கு அதையே பயன்படுத்துங்கள்.

வானத்தில் மட்டும் பட்டை பட்டையாக வந்தால் பிரிண்டருக்குச் சம்பந்தமில்லை. திரையில் 100 சதவீதத்தில் பாருங்கள், அங்கேயே இருக்கும். நிறப் படிகள் குறைவான 8 பிட் கோப்பில் கர்வை அதிகம் வளைத்த விளைவு. ராவிலிருந்து (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு) 16 பிட்டில் மறுபடி செய்து, கடைசியில் மெல்லிய கிரெயின் (மணல் போன்ற புள்ளிகள்) தூவுங்கள்.

ஓரத்தில் கறை, இங்க் குளம் கட்டுகிறது

கனமான பருத்திப் பேப்பரின் மூலை மேல்நோக்கி வளைந்திருந்தால் ஹெட் அதை உரசிக்கொண்டே போகும். தாளை முந்தைய நாளே கனமான புத்தகத்தின் அடியில் வைத்துச் சமப்படுத்துங்கள். பேப்பர் தடிமனையும் பிளாட்டன் இடைவெளியையும் (ஹெட்டுக்கும் தாளைத் தாங்கும் தட்டுக்கும் இடையே உள்ள தூரம்) டிரைவரில் ஒரு படி கூட்டுங்கள். ஓரத்தில் 2.5 செ.மீ. வெள்ளை விட்டு அடித்தால் உரசினாலும் படம் தப்பிக்கும்.

இங்க் உறிஞ்சப்படாமல் நீர்போல நின்றால் தாள் தலைகீழாகப் போயிருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், தேவையில்லாத மூலை ஒன்றை லேசாக ஈரமான உதட்டில் வைத்து எடுங்கள். லேசாக ஒட்டுகிற பக்கம்தான் பூச்சு உள்ள பக்கம்.

பெரிய பிரிண்டில் கூர்மை இல்லை

முதலில் கணக்கு. 6,000 × 4,000 பிக்சல் கோப்பு, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 20 × 13.3 அங்குலம் தரும். 200 வீதம் 30 × 20 அங்குலம். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு இது தாராளம். ஆக, எண்ணிக்கை போதாததால் மங்குவது நினைப்பதைவிட அரிது. மெசேஜ் ஆப் வழியாக வந்த கோப்பா என்று பாருங்கள். அந்த ஆப்கள் படத்தைச் சுருக்கிவிடும், மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு மங்கலின் தன்மை. புள்ளி விளக்குகள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியது. ஓரிடம் கூர்மை, நீங்கள் விரும்பிய இடம் மங்கல் என்றால் ஃபோகஸ் தவறியது. எல்லா இடமும் சமமாக, லேசாக மென்மை என்றால் எஃப் 16, எஃப் 22 என்று லென்ஸின் துளையைச் சுருக்கியதால் ஒளி பரவி வரும் டிஃப்ராக்‌ஷன். அதே துளையில்தான் சென்சார் தூசியும் வானத்தில் சாம்பல் புள்ளிகளாக வந்து நிற்கும். பெரிய பிரிண்டுக்கு முன் 100 சதவீதத்தில் மேலிருந்து கீழாக ஒருமுறை முழுவதும் பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

இவை ஒன்றுமில்லையென்றால் அவுட்புட் ஷார்ப்பனிங் (பிரிண்டுக்கென்று கூர்மையைக் கூட்டுவது) போடவில்லை. அளவை இறுதியாக்கியபிறகு, கடைசி வேலையாக அதைச் செய்ய வேண்டும். மேட் பேப்பரில் இங்க் சற்றுப் பரவுவதால் திரையில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவு தேவை. குளோஸியில் அதைவிடக் குறைவு.

ஃபிரேம் போட்ட பிறகு கண்ணாடி மங்கியது, படம் அலை அலையாக நெளிந்தது

பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பரில் இங்க் தொட்டுப் பார்த்தால் காய்ந்துவிட்டது போல இருக்கும். ஆனால் அதிலுள்ள கிளைகால் போன்ற கரைப்பான்கள் நாள்கணக்கில் மெதுவாக வெளியேறும். அவசரமாகக் கண்ணாடிக்குள் அடைத்தால் அவை உள்பக்கத்தில் பனிபோலப் படியும், சில சமயம் படத்தின் உருவமே கண்ணாடியில் மங்கலாகத் தெரியும். அடித்த 15 நிமிடம் கழித்து பிரிண்டின் மேல் பூச்சில்லாத சாதாரணத் தாளைப் பரப்பி, 24 மணி நேரம் விடுங்கள். தாள் நெளிந்திருந்தால் அது உறிஞ்சிய கரைப்பான்தான் காரணம். புதுத் தாள் வைத்து இன்னொரு நாள். நெளியாத தாள் வரும்வரை இப்படியே தொடருங்கள். ஏற்கெனவே மங்கிவிட்ட ஃபிரேமைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, பிரிண்டை ஆறவிட்டு மறுபடி மாட்டினால் போதும். படம் கெடவில்லை.

நெளிவதற்குக் காரணம் நாலு பக்கமும் டேப் ஒட்டியது. ஈரப்பதம் ஏறினால் காகிதம் விரியும். போக இடமில்லாவிட்டால் நடுவில் புடைக்கும். படத்தின் மேல் விளிம்பில் மட்டும், இரண்டு இடத்தில் தொங்கவிடுங்கள். ஜப்பானியக் கோசோ தாளில் இரண்டு விரல் அகலத் துண்டை, பாதி பிரிண்டின் பின்புறத்திலும் பாதி மேலே நீட்டிக்கொண்டும் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டி, நீட்டிய பகுதியைப் பின்பலகையில் குறுக்காக இன்னொரு துண்டு வைத்து ஒட்டுங்கள். ஃபிரேமுக்குள் சுற்றிலும் 2, 3 மி.மீ. இடம் விடுங்கள். செலோடேப் கூடவே கூடாது, சில வருடங்களில் மஞ்சள் கறை ஊறிவிடும். கண்ணாடி பிரிண்டைத் தொடாதபடி மவுண்ட் பலகையோ ஸ்பேசரோ இருக்கட்டும். ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கும்போது பூச்சும் கூடவே வந்துவிடும். பலகை வாங்கும்போது போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்டில் (பலகை படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 சோதனை) தேறியதா என்று பாருங்கள். அமிலம் இல்லாதது என்ற வாசகம் மட்டும் போதாது.

வாங்கியவர் திருப்பி அனுப்புகிறார்

"தலை வெட்டுப்பட்டிருக்கிறது" என்றால் விகிதம். கேமராவின் 3:2 படம் 10 × 8 அங்குலத்துக்குள் முழுதாக அடங்காது. நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். விற்கும் இடத்தில் படத்தின் அளவையும் தாளின் அளவையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, வெட்டிய நிலையிலேயே மாதிரியைக் காட்டுங்கள். கேன்வாஸ் என்றால் நாலு பக்கமும் சுமார் 4 செ.மீ. மடிப்புக்குள் போகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்.

பிறை வடிவ மடிப்புத் தடம் இருந்தால் அது பெரும்பாலும் கூரியர் செய்ததல்ல. பெரிய தாளை ஒற்றைக் கையால் தூக்கியதால் வந்தது. எதிரெதிர் மூலைகளை இரண்டு கையால் பிடித்து, தாள் தொட்டில் போலத் தொங்கும்படி தூக்குங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேற்பட்ட பேப்பரை அனுப்ப, உள்விட்டம் 10 செ.மீ. குறையாத குழாய் வேண்டும், நீளம் பிரிண்டைவிட 5 செ.மீ. கூடுதலாக. கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய பாதுகாப்புத் தாள்) சேர்த்து, உள்ளே எளிதாக நழுவும் இன்னொரு மெல்லிய குழாயின் மேல் சுற்றிச் செருகுங்கள். வாங்கியவர் விரலை விட்டுப் பிடுங்கி இழுக்க வேண்டியிருக்காது. விளிம்பு கிழிவது அங்கேதான்.

விற்றும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லையென்றால், கெட்டுப்போன தாள்களையும் சோதனைப் பட்டைகளையும் பேக்கிங்கையும் உங்கள் நேரத்தையும் விலையில் சேர்க்கவில்லை. அடக்கம் 100 என்று வைத்து 200-க்கு விற்றால், பாதியை எடுத்துக்கொள்ளும் கேலரியில் உங்களுக்குக் கிடைப்பது வெறும் அடக்கம். நேரடியாக விற்கும்போது விலையைக் குறைத்துச் சரிக்கட்டுவதும் ஆகாது. அதே படத்தை அதிக விலைக்கு வாங்கியவருக்கும் கேலரிக்கும் அது துரோகம்.

எண்ணிக்கை வரையறுத்து விற்றால், 25 என்றால் எல்லா அளவும் சேர்த்து 25-ஆ, ஒவ்வோர் அளவுக்கும் 25-ஆ என்பதை முதல் பிரிண்ட் விற்பதற்கு முன் எழுத்தில் வையுங்கள். எண், அளவு, பேப்பர், தேதி, யாரிடம் போனது என்று ஒரு நோட்டில் வரிசையாக ஏற்றுங்கள். போக்குவரத்தில் சேதமான பிரதிக்கு மாற்று அனுப்பும்போது பழையது உங்களிடம் திரும்பி வந்து, கிழித்தபிறகே அதே எண்ணைப் போடலாம்.

கையெழுத்தின் தடம் படத்தில் புடைத்துத் தெரிகிறது என்று புகார் வந்தால், பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். மேட் பேப்பரில் முன்பக்க வெள்ளை ஓரத்தில் பென்சிலால் இடுங்கள். குளோஸியில் பென்சில் பிடிக்காது. பிக்மெண்ட் இங்க் பேனாவால், பிரிண்ட் ஒரு நாள் ஆறியபிறகு, கைக்கு அடியில் சுத்தமான தாள் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.